பதினேழாம் பெட்டி

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் தாள்படி கப்பலேறிய பெட்டிகள் நாற்பத்திரண்டு. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவை நாற்பத்தொன்று. எல்லாம் இயந்திர உதிரிப் பாகங்கள் அடைத்த மரப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். நடுவில் இருப்பது கடல் ஒன்றுதான், கடலுக்கு எதற்கு உதிரிப் பாகம் என்று எங்கள் மேலாளர் கேட்டார். "கப்பல் தாள்களை அடித்தவன் நீதானே, நீயே போய்த் தேடிப் பார்" என்று என்னை அனுப்பிவைத்தார்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். தமிழ்நாட்டை நான் பார்த்ததில்லை. அதோடு வீட்டில் கொஞ்ச நாளாக எனக்கு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. காரணம் நான்தான். மகளின் படிப்புக்கென்று வாங்கிய கணினியில், இரண்டு வருடமாக இணைய அரட்டை அறை ஒன்றில் குடியிருந்தேன். அங்கே எனக்குக் 'கிள்ளான் சிங்கம்' என்று பெயர். டொராண்டோவில் ஒருவர் காப்பி குடித்தாரா, துபாயில் ஒருவருக்குச் சளி விட்டதா என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அடுத்த அறையில் மனைவி தேவி சாப்பிட்டாளா என்பது தெரியாது. முதலில் எனக்காகக் காத்திருந்தாள். பிறகு ஒரு நாள் ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து அப்படித்தான்.

புறப்படும்போது கேட்டாள். "பத்து நாள் அதைத் தொடாம இருங்க. முடியுமா?"

"முடியும்" என்றேன். அந்த வருடத்தில் அது மூன்றாவது 'முடியும்'.

முதல் நாள், என்னை அழைத்துப்போகச் சென்னைக் கப்பல் ஏஜென்சி அனுப்பியவர் பெயர் அந்தோணி. என் வயதுதான், நாற்பதைத் தொட்டிருப்பார். கட்டம் போட்ட சட்டை, காதில் பென்சில். பேருந்தில் ராயபுரம் நோக்கிப் போனோம். போனோம் என்பதைவிட நின்றோம் என்பது சரி. கண்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெங்காயம் நறுக்கியபடியே எங்கள் ஓட்டுநரிடம் ஊர் விசாரித்தார். கிள்ளானில் லாரி ஓட்டுபவர்கள் இப்படிப் பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நான் டாலி கிளார்க்கு" என்றார் அந்தோணி. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை நின்று எண்ணுகிறவர் என்று பொருள். "ஒரு பொட்டி கொறையுதுன்னு சொல்றாங்கல்ல, அத எண்ணுனது நான்தான் மாமு. பொட்டி கெடைக்கிற வரைக்கும் வேலைக்கு வராதன்னுட்டாங்கோ. அதான் உன்ன கூட்டிகினு சுத்த டைம் கீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த ஆளை விசாரிக்க வந்தேனோ அந்த ஆளின் வீட்டு மாடியில்தான் எனக்கு இடமாம். ஏஜென்சிக்காரர்கள் வெளியூர் ஆட்களை வழக்கமாக அங்கேதான் தங்கவைப்பார்களாம். "உனக்குச் சந்தேகம்னா வூட்டையும் தேடிக்கோ" என்று சிரித்தார்.

அவர் மனைவி பிலோமினா தெருவுக்கே அக்கா. நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணா என்றார். யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. மதியச் சாப்பாட்டில் கடம்பா என்கிற கணவாய் வறுவல் வந்தது. எங்கள் ஊர் சோத்தோங்தான். அங்கே இனிப்பாகச் சமைத்துக் கெடுப்போம், இங்கே மிளகைக் கொட்டிக் கண்ணீர் வரவழைக்கிறார்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் காலை, பசியாறப் போகிறவன் போல இறங்கினேன். தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர். "பத்தே நிமிஷம்க்கா, வந்து சேர்ந்தேன்னு ஒரு மெயில் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒட்டுப்பலகைத் தடுப்பு, மின்விசிறி, எழுத்து அழிந்துபோன விசைப்பலகை. தேவிக்கு மெயில் போட ஒரு நிமிடம் ஆனது. பிறகு சிங்கம் வந்திருக்கிறதென்று அரட்டை அறைக்குள் ஒரு சத்தம் கொடுத்தேன். நிமிர்ந்தபோது நான்கு மணி நேரம் போயிருந்தது.

வீட்டில் இட்லி காய்ந்து கிடந்தது. வடகறி மேல் தட்டு மூடியிருந்தது. பிலோமினா திட்டவில்லை. என் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"பத்து நிமிசம்னு சொல்லிட்டு நாலு அவர். கண்ணு செவந்து கீது. இன்னா சாப்புட்டன்னு கேட்டா முழிக்கிற. இந்த வியாதி எனக்குத் தெரியும்ணா."

உண்மையைச் சொன்னேன். அந்நிய ஊரில் அவமானம் கொஞ்சம் குறைவு போலிருக்கிறது. தேவியின் ஒற்றைத் தட்டுவரை சொல்லிவிட்டேன். பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து, நோய்க்குறி கேட்கும் டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டார். "எத்தினி நாளா? தனியாவா, கூட்டாளியோடவா? காலைலயேவா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

மூன்றாம் நாள் என் கால் மறுபடி அந்தச் சென்டர் பக்கம் போனது. கடைக்காரர் எழுந்து வந்து வாசலை மறித்தார்.

"சாரி சார். பிலோமினாக்கா வந்து சொல்லிட்டுப் போச்சு. உங்களுக்குக் குடுக்கக் கூடாதாம்."

நான் சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கேயும் அதே பதில். கல்மண்டபம் வரை வெயிலில் நடந்தேன். அங்கிருந்தவர் என்னைப் பார்த்ததுமே, "மலேசியாவா?" என்று கேட்டார். ஒரே காலைப் பொழுதில் ஒரு வட்டாரத்தையே அடைத்துவிட்டார் அந்தப் பெண்மணி.

அந்தோணி இதைக் கேட்டு முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். "எனக்கும் இதான் மாமு பண்ணுச்சு. ராயபுரத்துல ஒரு ஒயின்ஷாப் பாக்கி இல்ல. வூட்டுக்காரி வந்து குடுக்காதன்னு சொல்லிட்டா இந்தாண்ட எவனும் ஊத்த மாட்டான். அது ஒரு மருவாதி. நீ குடிக்கிறது வேற சரக்கு, அவ்ளோதான்."

சமையலறைக் கதவைத் திருப்பி எனக்கு அதன் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். பென்சில் கோடுகள். நாலு கோடு நிற்க, ஐந்தாவது குறுக்கே. டாலி தாளில் பெட்டி எண்ணுகிற அதே கணக்கில் குடிக்காத நாட்களை எண்ணியிருக்கிறார். இரண்டு இடத்தில் கை அகலத்துக்கு வெற்றுச் சுவர்.

"அது இன்னான்னா, குடிச்சிட்டேன். குடிச்சா மறுநாளே வூட்டுக்காரியாண்ட சொல்லிட்டு எடம் வுட்டுட்டு முதல்லேர்ந்து போடுவேன். ஆறு வருசம் ஆச்சு. முதல் வருசம்தான் போட்டேன், அப்பால சொவுரு பத்தல."

எதற்கு இடைவெளி விட வேண்டும், அழித்துவிட்டு எழுதலாமே என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "டாலில அழிக்கக் கூடாது மாமு" என்றார்.

நான்காம் நாள் அவர் வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க அனுமதி வாங்கி, அவரோடு துறைமுகத்துக்குள் போனேன். பதினைந்து வருடமாகக் கப்பல் தாள்களோடு வாழ்கிறேன், அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்ததில்லை. கிரேன் கொக்கியில் நான்கு பெட்டிகள் ஆடிக்கொண்டு வருகின்றன. கீழே டாலிக்காரர் ஒருவர் அண்ணாந்து, பெட்டி மேல் எழுதிய எண்ணை வாய்விட்டுப் படித்துக் கோடு போடுகிறார். எண் தப்பினால் கையைத் தூக்கிக் கத்த வேண்டும். கொக்கி அந்தரத்திலேயே நிற்கும், எல்லாரும் திட்டுவார்கள், அவர் மறுபடி படிப்பார்.

"கொக்கி மேல நிக்கும்போதே சொல்லிடணும்" என்றார் அந்தோணி. "பொட்டி தரைல எறங்கின அப்பால சொன்னா எவனும் நம்ப மாட்டான்."

ஏஜென்சி அலுவலகத்தில் எங்கள் கப்பலின் டாலி தாளைக் கொடுத்தார்கள். பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது என்று வரிசையாக இருந்தது. ஓரத்தில் அந்தோணியின் கையெழுத்தில் '17 வரல' என்று இருந்தது. கத்தியிருக்கிறார். கடைசியில் வரும், எண்ணிக்கொண்டே போ என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். கடைசியிலும் வரவில்லை. இப்போது மேஸ்திரிக்கு எதுவும் ஞாபகமில்லை.

பதினேழு என்ற எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

அலுவலக மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க தாள்ல நாப்பத்திரெண்டுன்னு தெளிவா இருக்கு சார். தப்பு இங்கதான். அந்தாளு முன்னால பெருங்குடிகாரன். மறுபடி ஆரம்பிச்சிருப்பான்னு பேச்சு."

"அவர் ஆறு வருடமாகக் குடிப்பதில்லையே" என்றேன்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று எழுந்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தோணியின் சிரிப்புக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கு உறைத்தது. வேலை போனால் வேறு வேலை கிடைக்கலாம். ஆறு வருடத்தை எங்கே போய் வாங்குவார்?

ஐந்தாம் நாள் எனக்குக் கை நடுங்கவில்லை, ஆனால் விரல் சும்மா இருக்கவில்லை. தொடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பல் தேய்க்கும்போதே ஒரு வேடிக்கையான வாக்கியம் தோன்றுகிறது, சொல்ல அறை இல்லை. அந்தோணியிடம் சொன்னால் அவர் வேறு ஏதோ கேட்கிறார். என் கெட்ட மனநிலையைப் பார்த்து அத்தோ சாப்பிட அழைத்துப் போனார். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த உணவு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் நூடுல்ஸ் குழம்பான லக்சாவின் ஒன்றுவிட்ட தங்கை என்று தோன்றியது. கடைக்காரரிடம் புளித்தண்ணீரில் என்ன சேர்க்கிறார் என்று அரை மணி நேரம் கேட்டேன். அந்த அரை மணியும் சிங்கம் நினைவுக்கு வரவில்லை. அதைக் கவனித்து எனக்கே வியப்பாக இருந்தது.

ஆறாம் நாள், பெட்டிகள் போய்ச் சேர்ந்திருக்கும் அத்திப்பட்டுக் கிடங்குக்குப் போய் நேரிலேயே எண்ணுவதென்று முடிவு. பேருந்து திருவொற்றியூரில் பஞ்சரானது. அடுத்த பேருந்தில் படியில் தொங்கினோம். எண்ணூர் தாண்டியதும் ஒரு பக்கம் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர்கள், மறுபக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சட்டைக் காலரில் சாம்பல் படிந்தது. கிடங்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் செய்கிற ஊரிலேயே டார்ச் பிடித்துக்கொண்டு எண்ணினோம். நாற்பத்தொன்று. பதினேழு இல்லை.

திரும்பும்போது ரயில்வே கேட்டு மூடிவிட்டது. நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தது. அந்தோணி அனிச்சையாக வேகன்களை எண்ணத் தொடங்கினார், நானும் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் கூடையோடு நின்ற இரண்டு பெண்கள் தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"பெரியவங்க ரெண்டு பேரும் ரயிலு பாத்ததில்ல போலன்னு சொல்லுது" என்றார் அந்தோணி. சொல்லிவிட்டு, "பதினாறு. பதினேயு" என்றார்.

அப்போது வந்தது நினைவு. கிள்ளானில், கிடங்கிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். பதினேழாம் பெட்டியைப் பற்றி ஏதோ. கப்பல் தாள் அடித்துக்கொண்டிருந்த அந்த மதியம், திரையின் மறு பாதியில் அரட்டை அறை திறந்திருந்தது. துபாய்க்காரர் நல்ல நகைச்சுவை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். மின்னஞ்சலைத் திறந்தேன், மூடினேன். என்ன எழுதியிருந்தது?

ரயில் போய்க் கேட்டு திறந்தது. அந்தோணி நாற்பத்தைந்தோ என்னவோ சொன்னார். நான் பதினேழிலேயே நின்றுவிட்டிருந்தேன்.

ஏழாம் நாள் காலை பிலோமினாவிடம் போய் நின்றேன். "அக்கா, ஆபீஸ் மெயில் ஒன்னு பார்க்கணும். அந்தோணி அண்ணன் வேலை விஷயம். நிஜமா." குடிகாரர்கள் எல்லாரும் இதே குரலில்தான் கேட்பார்கள் என்று அவர் முகம் சொன்னது. கையைத் துடைத்துக்கொண்டு, "நட, நானும் வரேன்" என்றார்.

தெருமுனைச் சென்டர்காரர் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார். பிலோமினா என் தோளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். அலுவலக அஞ்சலைத் திறந்தேன். திரையின் கீழ் மூலையில் அரட்டை அறையின் சின்னம் இளித்தது.

"அது இன்னாண்ணா மஞ்சளா சிரிக்குது?"

"அதுதான்க்கா ஒயின்ஷாப்."

"அதாண்ட கை போச்சு, ஒடச்சிடுவேன்."

கடிதத்தைத் தேடிப் பிடித்தேன். இரண்டே வரி. பதினேழாம் பெட்டியின் அடிப்பலகை உடைந்துவிட்டது, அதை நிறுத்திவைக்கிறோம், அடுத்த கப்பலில் அனுப்பலாம், தாளில் நாற்பத்தொன்று என்று மாற்றிக்கொள்ளவும். நான் மாற்றவில்லை. பதினேழாம் பெட்டி கடலைப் பார்த்ததே இல்லை. என் மேசையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிள்ளான் கிடங்கின் மூலையில் கிடக்கிறது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பண்ணியவன் பழி சுமந்தவன் வீட்டிலேயே மூன்று தடவை வறுவல் வாங்கித் தின்றிருக்கிறான்.

உண்மையை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தக் கணத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பிலோமினாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கடிதத்தை மூடிவிட்டு, ஊருக்குப் போய்ப் பெட்டியைச் சத்தமில்லாமல் அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டால் போதும். எங்கோ கிடந்தது, கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்தோணிக்கும் வேலை திரும்பக் கிடைத்துவிடும்.

"இன்னா போட்டு கீது அதுல?" என்றார் பிலோமினா.

கொக்கி மேலே நின்றது. சொன்னேன். பெட்டி எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது, அந்த மதியம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எல்லாம் சொன்னேன்.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நேத்துகூட அது தூங்கும்போது வாய மோந்து பாத்தேண்ணா" என்றார். "ஆறு வருசமா செய்யாதத செஞ்சேன். ஆபீஸ்காரன் சொன்னத நானும் நம்பிட்டேன்."

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அந்தோணி டீக்கடையில் நின்றிருந்தார். அவரிடமும் சொன்னேன். கையில் இருந்த டீயை மெல்ல வைத்தார். சிரிப்பு இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"நான் குடிச்சதுக்கு நான் ஒத வாங்கினேன், அது நாயம்" என்றார். "நீ குடிச்சதுக்கும் நான்தான் ஒத வாங்கணுமா மாமு?"

நேராக அலுவலகத்தை நோக்கி நடந்தார், நான் பின்னால் போனேன். கடிதத்தின் நகலை மேனேஜர் மேசையில் வைத்து, தவறு என்னுடையது என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "அந்தோணி, நாளைக்கு டூட்டிக்கு வந்துடு" என்றார். வெளியே வந்ததும் அந்தோணி, "ஒரு சாரி சொன்னானா பாரு" என்றார். அது மேனேஜரைப் பற்றித்தான் என்றாலும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கையை உதறவில்லை. "பசிக்குது, வா" என்றார்.

ஐஎஸ்டி பூத்திலிருந்து மேலாளருக்குச் சொன்னேன். அவர் கத்தியது கண்ணாடிக்கு வெளியே நின்றவருக்கும் கேட்டிருக்கும். பிறகு தேவிக்கு. "முடியும்னு சொன்னேன். இரண்டாம் நாளே நாலு மணி நேரம் உட்கார்ந்துட்டேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "எப்போ வர்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கிள்ளானில் என்னைத் தட்டச்சு மேசையிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கணினி கிடையாது, எலி உண்டு. பதினேழாம் பெட்டிக்குப் புது அடிப்பலகை வைத்து, பக்கத்தில் நின்று ஆணி அடிக்கவைத்து, கப்பலேறுவதை நானே அண்ணாந்து பார்த்துக் கோடு போட்டேன். வீட்டில் கணினியை விற்றுவிடலாம் என்றேன். "இருக்கட்டும், மகளுக்கு வேணும். நீங்க கதவுக்குப் பின்னால கோடு போடுங்க" என்றாள் தேவி. இப்போதெல்லாம் இரண்டு தட்டு வைக்கிறாள். சில நாள் பேசிக்கொண்டே சாப்பிடுகிறோம், சில நாள் பேசாமல்.

போன வாரம் சென்னையிலிருந்து தபால் வந்தது. டாலி தாளின் நகல் ஒன்று. '17 வந்துச்சு' என்று பென்சிலில் எழுதி, சுற்றி வட்டம் போட்டிருந்தது. கீழே வேறொரு வரி: 'உன் கணக்கு இன்னா?'

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்று, சுவரில் நான் போட்டு வந்த கோடுகளைப் பார்த்து வரைந்தேன். மூன்று ஐந்துகளும் நாலு கோடுகளும். பிறகு கை அகலத்துக்கு வெற்றிடம். அதற்கப்புறம் ஆறு கோடுகள். வெற்றிடத்தைக் கொஞ்சம் குறுக்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சுவரில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே விட்டு, உறையில் போட்டு ஒட்டினேன்.